பெட்டிக்குள் கார், காருக்குள் ஆள்

ரயில் பெட்டிகளுக்கும் ஓய்வு வயது உண்டு. அந்த வயதை எட்டிய பயணிகள் பெட்டியை அதிகாரிகள் சுற்றிப் பார்த்து, தட்டிப் பார்த்து, "இனி இதில் மனிதர்களை ஏற்றுவது தகாது" என்று தீர்மானிப்பார்கள். தீர்மானமானதும் இருக்கைகளைக் கழற்றிவிட்டு, ஜன்னல்களைத் தகடு வைத்து அடைத்து, பக்கவாட்டுக் கதவுகளைப் பற்றவைத்து மூடிவிடுவார்கள். அப்புறம் பெட்டியின் முனைச் சுவரை அறுத்து அங்கே அகலமாக ஒரு கதவு வைத்து, அதன் வழியாகப் புத்தம்புதுக் கார்களை ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டி நிறுத்தி ஊர் ஊராக அனுப்புவார்கள். மனிதர்களுக்கு லாயக்கில்லாத பெட்டி கார்களுக்கு மட்டும் எப்படி லாயக்காகும் என்று கேட்கக்கூடாது. கக்கூஸில் தண்ணீர் வரவில்லை என்று எந்தக் காரும் இதுவரை புகார் எழுதியதில்லை.

இந்த மகத்தான பணிக்கென்றே செகந்திராபாத்தில் ஓர் அலுவலகம் இருந்தது. ‘புதிய மோட்டார் வாகனங்களை இருப்புப்பாதை வழியே நூதன முறைகளில் அனுப்பிவைப்பதற்கான இயக்ககம்’ என்பது அதன் முழுப்பெயர். பெயர்ப்பலகை வாசலைத் தாண்டி, பக்கத்து இரானி ஓட்டலின் சுவர் வரை நீண்டுவிட்டதால், ‘அனுப்பிவைப்பதற்கான’ என்ற சொல்லுக்குக் கீழே நின்று ஜனங்கள் சாயா குடித்துக்கொண்டிருப்பார்கள். அலுவலகமும் அதைப் பொதுமக்கள் தொடர்பு என்ற தலைப்பின்கீழ் கணக்கில் காட்டிவந்தது.

அங்கே ஆபீஸ் சூப்பிரண்டெண்டாக இருந்தவர் ஜெகநாதன். அவருடைய கொள்ளுத்தாத்தா வெள்ளைக்காரன் பட்டாளத்தின் பின்னாலேயே காஞ்சிபுரத்திலிருந்து வந்து செகந்திராபாத் லாலாகுடாவில் குடியேறியவர். அந்தக் காலம் தொட்டு அந்தக் குடும்பத்தில் யாரும் ரயில்வே சம்பந்தம் இல்லாமல் பிறந்ததும் இல்லை, இறந்ததும் இல்லை. ஜெகநாதனுக்குக் கார் ஓட்டத் தெரியும், ஆனால் காரைப் பற்றி ஒன்றும் தெரியாது. ரயிலைப் பற்றியும் அப்படித்தான். அவருக்குத் தெரிந்ததெல்லாம் குறிப்பு எழுதுவது. அவர் எழுதிய குறிப்பைப் படித்தால், செய்யவே கூடாத ஒரு காரியம் உடனே செய்தாக வேண்டிய காரியமாகத் தோன்றும். இந்த எழுத்தை நம்பியே மூன்று இயக்குநர்கள் பதவி உயர்வு பெற்றுப் போயிருந்தார்கள்.

நான்காவதாக வந்தவர் ராகவேந்திரா. அவர் பேசுவது தெலுங்கும் ஆங்கிலமும் கலந்து இருக்கும். வாசகர் நலன் கருதி இங்கே தமிழில் தரப்படுகிறது. வந்து சேர்ந்த வாரமே ஜெகநாதனைக் கூப்பிட்டார்.

"கார் கம்பெனிக்காரங்க வரிசையில நிக்கிறாங்க. பெட்டி எங்கே?"

"வயசான பெட்டியெல்லாம் தீந்துபோச்சு சார். மிச்சம் இருக்கறதெல்லாம் இளசு."

"அதுக்கெல்லாம் எப்ப வயசாகும்?"

"அது பாட்டுக்கு ஆகும் சார். வருஷம் போகணுமே."

"வருஷத்தைக் கொஞ்சம் சீக்கிரம் போகச் சொல்ல முடியாதா?"

வேறொருவராக இருந்தால் சிரித்திருப்பார். ஜெகநாதன் அதைக் குறித்துக்கொண்டார். மறுநாள் காலை இயக்குநரின் மேஜையில் ஒரு குறிப்பு இருந்தது: ‘ஒரு பெட்டியின் மூப்பு என்பது அது கண்ட ஆண்டுகளால் மட்டுமன்று, அது சுமந்த ஆட்களாலும் அளக்கத்தக்கது. நூறு பேருக்கான பொதுப்பெட்டியில் முந்நூறு பேர் தொங்கிச் செல்வது கண்கூடு. ஆகவே அப்பெட்டி ஓராண்டில் மூன்றாண்டு மூப்படைகிறது. இவ்வாறு கணக்கிடுங்கால், நேற்று வாங்கிய பெட்டிகளும் முதுமையின் வாசலில் தள்ளாடி நிற்பது புலனாகும். தக்க உத்தரவு வேண்டப்படுகிறது.’

ராகவேந்திரா அதை இரண்டு முறை படித்துவிட்டு எழுந்து நின்று கைகொடுத்தார். தெற்கே போகும் எக்ஸ்பிரஸின் பொதுப்பெட்டிகள் முதலில் கழற்றப்பட்டன. அந்தக் கூட்டம் படுக்கைப் பெட்டிகளில் போய் ஏறியது. அதனால் படுக்கைப் பெட்டிகளும் மளமளவென்று மூப்படைந்தன, அவற்றையும் கழற்றினார்கள். கழற்றிய அத்தனையும் ஜன்னல் அடைபட்டு, கார்ப் பெட்டிகளாகி, அதே எக்ஸ்பிரஸின் வாலில் திரும்ப வந்து சேர்ந்தன. ஜெகநாதனுக்குப் பொன்னாடையும் கண்ணாடிக் கேடயமும் கிடைத்தன. அவர் மனைவி சாந்தா கேடயத்துக்கு ஒரு பிளாஸ்டிக் உறை போட்டு டிவிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

இப்படி எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது காஞ்சிபுரத்திலிருந்து தங்கை வித்யாலட்சுமி போன் செய்தாள்.

"அண்ணா, பாப்பாவுக்குக் காது குத்த நாள் குறிச்சாச்சு. ஆவணியில நல்ல முகூர்த்தம்."

அவள் கல்யாணமாகிப் பல வருஷம் கோயில் குளமென்று அலைந்து பெற்ற குழந்தை அது. மங்கையர்க்கரசி என்று ஆளைவிடப் பெரிய பெயர் வைத்திருந்தார்கள். அது பிறந்த சேதி வந்த அன்று ஜெகநாதன் ஆபீஸ் முழுக்க உஸ்மானியா பிஸ்கட் வாங்கிக் கொடுத்து, பியூனைக் கட்டிப்பிடித்து அழுதவர்.

"மாமன் மடியில உக்கார வெச்சுத்தான் குத்துவேன். நீ வரலைன்னா குத்தவே மாட்டேன். பெரியவளாகி மூளிக் காதோட திரியட்டும், யாராலன்னு ஊர் கேட்டா உன் பேரைச் சொல்றேன்" என்றாள் வித்யாலட்சுமி.

"வராம இருப்பனா? ரயில்வேக்காரனுக்கு ரயில் கிடைக்காதா?" என்றார் ஜெகநாதன்.

கிடைக்கவில்லை. ஆவணி மாத முகூர்த்தத்துக்கு அந்த எக்ஸ்பிரஸில் இருந்த வெயிட்டிங் லிஸ்டைப் பார்த்தபோது, காது குத்துவதற்குப் பதிலாக மங்கையர்க்கரசியின் கல்யாணத்துக்குப் போய்ச் சேரலாம் என்று தோன்றியது. பஸ்ஸில் போகலாமென்றால் சாந்தாவுக்குக் கர்னூல் தாண்டினால் குமட்டும். விமானத்தில் போகலாமென்றால் தாய்மாமன் சீரில் ஆளுயரப் பித்தளைக் குத்துவிளக்கு ஒன்று இருந்தது. அதன் முனையைத் தொட்டுப் பார்த்த விமான நிலையத்து நண்பர், அது ஆயுத வகையில் வரும் என்று சொல்லிவிட்டார்.

"பெட்டியெல்லாம் எங்கதான் போச்சு?" என்று சாந்தா கேட்டாள்.

ஜெகநாதன் கேடயத்தைப் பார்த்தார். சாயங்காலம் நேராகப் போய் ஒரு காருக்குப் பணம் கட்டிவிட்டு வந்தார். மிளகாய்ப்பழச் சிவப்பு. அந்தக் குடும்பத்தில் அதுதான் முதல் கார்.

"கார் எங்கேர்ந்து வருது?" என்று சாந்தா விசாரித்தாள்.

"காஞ்சிபுரத்துக்குப் பக்கத்துலதான் ஃபேக்டரி. அங்கேர்ந்து ரயில்ல ஹைதராபாத் வரும். அதுல ஏறி நாம காஞ்சிபுரம் போவோம்."

"எதுக்கு இந்தச் சுத்து? நாமளே காஞ்சிபுரம் போயி எடுத்துக்கிட்டா ஆச்சு."

"காஞ்சிபுரம் போறதுக்குத்தானே சாந்தா காரே வாங்கறோம்" என்றார் ஜெகநாதன். சாந்தா கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்துவிட்டு, இது ஆபீஸ் விஷயம் என்று விட்டுவிட்டாள்.

கார் கிளம்பிவிட்டது என்று கைப்பேசிக்குச் செய்தி வந்தது. ‘தங்கள் வாகனம் பயணத்தில் உள்ளது.’ அதற்குக் கீழே காரின் படமும் எண்ணும் இருந்தன. ஜெகநாதன் அதை வித்யாலட்சுமிக்கு அனுப்பினார். மங்கையர்க்கரசி அந்தப் படத்துக்கு முத்தம் கொடுத்த வீடியோ திரும்பி வந்தது.

இந்தச் சமயத்தில்தான் இயக்ககத்துக்கு ஒரு சோதனை ஏற்பட்டது. கார்களை ஹைதராபாத்தில் இறக்கிய பிறகு பெட்டிகள் தெற்கே காலியாகத்தான் திரும்பிப் போயின. செகந்திராபாத் பிளாட்பாரத்தில் இடம் கிடைக்காமல் நின்ற ஜனங்கள், கண்ணெதிரே காலிப் பெட்டிகள் போவதைப் பார்த்து வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். அதை யாரோ படம் பிடித்துப் போட, மேலிடத்திலிருந்து கேள்வி வந்துவிட்டது. ராகவேந்திரா அவசரக் கூட்டம் கூட்டினார். ஹைதராபாத் மாதாப்பூரில் ஆலோசனை நிறுவனம் வைத்திருந்த பூர்ணா என்ற செங்கல்பட்டுப் பெண்ணையும் வரவழைத்தார். வந்தவள் சுவரில் வண்ணப் படங்களாகப் போட்டுக் காட்டினாள். ஒரு படத்தில் காலிப் பெட்டி, அடுத்ததில் காத்திருக்கும் ஜனம், மூன்றாவதில் ஒரு பெரிய கேள்விக்குறி. எல்லோரும் கைதட்டினார்கள்.

"ஜனங்களை அந்தப் பெட்டியிலேயே ஏத்தினா என்ன?" என்று ராகவேந்திரா பலவீனமான ஒரு தருணத்தில் கேட்டுவிட்டார்.

"முடியாது சார். அது மனுஷங்களுக்குத் தகாதுன்னு நாமதான் எழுதியிருக்கோம்" என்றார் ஜெகநாதன்.

"கார்ல மனுஷங்க உக்காரலாமா?"

"உக்காரலாம் சார். காரே அதுக்குத்தான்."

"பெட்டியில கார் போகலாமா?"

"போகலாம் சார். பெட்டியே அதுக்குத்தான்."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஆனா திரும்பிப் போறப்ப பெட்டியில கார் இருக்காதே சார்" என்றாள் பூர்ணா.

"ஏன் இருக்காது? இறக்கினாத்தானே இருக்காது" என்றார் ராகவேந்திரா.

குறிப்பு எழுத ஜெகநாதன் உட்கார்ந்தார். ‘காரில் ஆள் அமர்வதை எவ்விதியும் தடுக்கவில்லை. பெட்டியில் கார் செல்வதை எவ்விதியும் தடுக்கவில்லை. தான் அமர்ந்துள்ள கார் எதனுள் உள்ளது என்பது அமர்ந்திருப்பவரின் குற்றமாகாது. எனவே வந்து சேரும் கார்களை உரியவர்களிடம் ஒப்படைப்பதைப் பொதுநலன் கருதி ஒத்திவைத்து, அவற்றில் பயணிகளை அமர்த்தி’ என்று எழுதிக்கொண்டு வந்தபோது மிளகாய்ப்பழச் சிவப்பு கண்முன்னே வந்து போனது. பேனா நின்றது. ஆனால் வாக்கியமும் பாதியில் நின்றது. நல்ல வாக்கியத்தைப் பாதியில் விட ஜெகநாதனுக்கு ஒருநாளும் மனம் வந்ததில்லை. ‘வந்த வழியே அனுப்பிவைத்தல் சாலப் பொருத்தமாகும்’ என்று முடித்துவிட்டார்.

திட்டத்துக்கு ‘வாகனாந்தர யாத்திரை’ என்று பெயர் சூட்டப்பட்டது. பயணிகள் நகரத்துக்கு வெளியே இருந்த கார் யார்டுக்கு வந்து முதலில் காரில் ஏறுவார்கள். அப்புறம் கார் பெட்டியில் ஏறும். இதற்கான விதிகளையும் ஜெகநாதனே எழுதினார். ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்காருபவர் லைசென்ஸ் வைத்திருக்க வேண்டும், அவரே காரை உள்ளே ஓட்டி நிறுத்த வேண்டும். முன்சீட்டு பெண்களுக்கும் மூத்த குடிமக்களுக்கும். ஆர்.ஏ.சி. பயணிகளுக்கு டிக்கி. பெட்டிக்குள் ஹார்ன் அடிக்கலாகாது. காரை விட்டு இறங்கிப் பெட்டியில் கால் வைப்பவர், சரக்குப் பெட்டிக்குள் அத்துமீறி நுழைந்தவராகக் கருதப்பட்டுத் தண்டிக்கப்படுவார். கடைசி விதி அவருக்கே மிகவும் பிடித்திருந்தது. அதைப் பூர்ணாவுக்குப் படித்துக் காட்டினார்.

திட்டம் பிய்த்துக்கொண்டு போனது. மாதாப்பூர் ஐ.டி. இளைஞர்கள் வாரக் கடைசியானால் யார்டில் வரிசை கட்டினார்கள். ஆபீசுக்குப் போகும் வழியில் தினமும் காரில் நகராமல் உட்கார்ந்திருப்பவர்களுக்கு, உட்கார்ந்த காரே ஊர்விட்டு ஊர் போவது அற்புதமாக இருந்தது. சீட் பெல்ட்டோடு படம் எடுத்துப் போட்டார்கள். ‘சொந்தக் காரில் போவதுபோல் உணருங்கள்’ என்ற பூர்ணாவின் விளம்பர வாசகம் மெட்ரோ தூண்களிலெல்லாம் தொங்கியது.

உண்மையிலேயே சொந்தக் கார் வாங்கியவர்கள்தான் உணர முடியாமல் தவித்தார்கள். ஜெகநாதனுக்கு மாதாமாதம் அதே செய்தி வந்தது: ‘தங்கள் வாகனம் பயணத்தில் உள்ளது.’ ஷோரூமில் கையை விரித்தார்கள். பொறுத்துப் பார்த்துவிட்டு இயக்ககத்துக்கே ஒரு புகார் எழுதினார். பதில் உடனே வந்தது: ‘பயணம் செய்வதே ஒரு வாகனத்தின் நோக்கமாகலின், தங்கள் வாகனம் தன் நோக்கத்தைச் செவ்வனே நிறைவேற்றிவருகிறது. குறை ஏதும் எழவில்லை.’ நடை மிகவும் தெரிந்த நடையாக இருந்தது. மாதிரிப் பதில்களை அவர்தான் தயாரித்துக் கொடுத்திருந்தார்.

"எங்கிட்ட காதுல பூ சுத்தாதீங்க. நாள் நெருங்கிப்போச்சு. எதுல போறோம்னு சொல்லுங்க" என்றாள் சாந்தா.

எதில் போவது? அதில்தான். இயக்குநரின் கோட்டாவில் கெஞ்சிக் கூத்தாடி வாகனாந்தர யாத்திரையில் இரண்டு இடம் வாங்கினார். சாந்தாவுக்கு முன்சீட்டு. ஜெகநாதனுக்குப் பின்சீட்டில் நடு இடம்.

யார்டில் கார்களை உள்ளே அனுப்பும் பொறுப்பு நூர் முகமதுவுடையது. முன்பெல்லாம் அவர்தான் ஒவ்வொரு காரையும் ஓட்டி ஏற்றி இறக்குவார். இப்போது ஸ்டியரிங்கைப் பயணிகள் பிடித்துக்கொண்டதால், கழுத்தில் விசிலோடு கைகாட்டும் அதிகாரியாகிவிட்டார்.

"ஆவோ சாப், கடைசிப் பொட்டி, உள்கோடி கார். நம்ம ஆபீஸ் ஆளுன்னு நல்ல காரா போட்டுருக்கேன்" என்று கூட்டிக்கொண்டு போனார்.

கார் மிளகாய்ப்பழச் சிவப்பாக இருந்தது. முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த எண்ணை ஜெகநாதன் கைப்பேசியில் இருந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்தார். இரண்டும் ஒன்றாக இருந்ததால் இன்னொரு முறை பார்த்தார். ஸ்டியரிங்குக்கு முன்னால், கண்ணாடியில் தலையைச் சரிசெய்தபடி, ஊருக்குக் கிளம்பிய பூர்ணா உட்கார்ந்திருந்தாள்.

"இது என் கார்" என்றார் ஜெகநாதன்.

"சூப்பர் அங்கிள்! அப்படித்தான் ஃபீல் பண்ணணும்" என்றாள் பூர்ணா.

"இல்லம்மா. நெஜமாவே என் கார். நான் பணம் கட்டின கார்."

"எல்லாரும் அதையேதான் சொல்றாங்க அங்கிள். கேம்பெய்ன் நல்லா வேலை செய்யுது."

சாந்தா முன்னும் பின்னும் நடந்து காரைச் சுற்றிப் பார்த்தாள். சொந்தக் காரை அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. "கலர் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, குங்குமத்தை எடுத்து ஸ்டியரிங்கில் ஒரு பொட்டு வைத்தாள். அவள் கண் கலங்கியிருந்ததை ஜெகநாதன் பார்க்காதவர் போல இருந்தார்.

பின்சீட்டில் பேகம் பஜார் வியாபாரிகள் இருவர் ஆளுக்கொரு கதவோரம் நிறைந்திருந்தார்கள். நடுவில் ஜெகநாதன் செருகப்பட்டார். டிக்கியில் சீர்த்தட்டுகளை வைக்கப் போனால், அங்கே கால்களை மடக்கிக்கொண்டு ஓர் ஆர்.ஏ.சி. பயணி இருந்தார். நல்ல மனிதர், தட்டுகளை மடியில் வாங்கிக்கொண்டு குத்துவிளக்கையும் கட்டிக்கொண்டார். பூர்ணா காரை உள்ளே ஓட்டினாள். பெட்டியின் கதவுச் சட்டத்தில் இடது பக்கம் கரகரவென்று நீளமாக ஒரு சத்தம் கேட்டது.

"ஒண்ணுமில்ல அங்கிள், ஸ்க்ராட்ச்தான். கம்பெனி பாத்துக்கும்" என்றாள்.

ஜெகநாதன் கண்ணை மூடிக்கொண்டார். அந்தக் கீறல் அவர் நெஞ்சிலேயே விழுந்தது.

மறுநாள் காலை காஞ்சிபுரம் வந்தது. அடைத்த தகட்டின் இடுக்கு வழியாக ஸ்டேஷன் தெரிந்தது. பிளாட்பாரத்தில் வித்யாலட்சுமியின் கணவர் மாலையோடு நின்றுகொண்டிருந்தார். ரயில் நின்றது, இவர்கள்தான் இறங்க முடியவில்லை. கார்ப் பெட்டிக்குப் பக்கக் கதவு கிடையாது. முனைக் கதவு வழியாகக் கார் இறங்கினால்தான் ஆள் இறங்கலாம். காரை இறக்கச் சரிவு மேடை வேண்டும், அது ஊரைத் தாண்டி யார்டில் இருந்தது. ஜெகநாதன் தகட்டைப் பார்த்துக் கத்தினார். மைத்துனர் எந்தப் பக்கத்திலிருந்து குரல் வருகிறதென்று தெரியாமல் நாலாபக்கமும் கையாட்டினார். ரயில் கிளம்பிவிட்டது.

யார்டுக்குச் சற்று முன்னால் அவுட்டர் சிக்னலில் நின்றுவிட்டது. சரிவு மேடையில் வேறொரு ரயிலுக்குக் கார் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வித்யாலட்சுமி போன் செய்தாள்.

"எங்கண்ணா இருக்க? ஆசாரி வந்து உக்காந்திருக்காரு. முகூர்த்தம் போயிடும்."

"ஊரைத் தாண்டி வயல்ல நிக்கறேன். கார்லதான் இருக்கேன்."

"கார்லயா? அப்ப ஓட்டிக்கிட்டு வாயேன்!"

ஜெகநாதன் இறங்கிவிடலாம் என்று பார்த்தார். கார்க் கதவு ஒரு சாண்தான் திறந்தது, அதற்குள் பெட்டிச் சுவர் இடித்தது. வியாபாரியின் மேலே ஏறி ஜன்னல் வழியாக வெளியேற முயன்றார். இடுப்பு வரை வந்து அங்கேயே மாட்டிக்கொண்டார். விதியைப் படித்துவிட்டு வண்டியோடு காவலுக்கு வந்திருந்த நூர் முகமது, வால் பக்கத்துக் காரிலிருந்தபடியே கத்தினார்: "நக்கோ சாப், வேணாம்! பெட்டியில காலு வெச்சா கேஸு! நீங்களே எழுதுனது!"

ஜெகநாதனை எல்லோருமாகச் சேர்ந்து உள்ளே இழுத்துப் போட்டார்கள். அவர் நடுச்சீட்டில் உட்கார்ந்து விக்கி விக்கி அழுதார். எத்தனையோ பேருக்கு எத்தனையோ உத்தரவு எழுதியவர், தங்கை பெண்ணுக்கு ஒரு மடி கொடுக்க முடியாமல் போய்விட்டதே என்று வாய்விட்டே சொல்லி அழுதார்.

போனில் இதைக் கேட்டாள் வித்யாலட்சுமி. குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்தாள், ஆசாரியைக் கையோடு இழுத்தாள், ஆட்டோவில் ஏறி வரப்போரம் வந்து இறங்கினாள். நூர் முகமது முனைக் கதவைத் திறந்தார். குழந்தை தரையில் கால் வைத்தால்தானே குற்றம்? முதல் காரின் ஜன்னலில் இருந்தவர் வாங்கி அடுத்த காருக்குக் கொடுத்தார், அவர் அதற்கடுத்த காருக்கு. மங்கையர்க்கரசி கை மாறிக் கை மாறி, கெக்கலித்துச் சிரித்துக்கொண்டே உள்கோடிக்கு வந்து சேர்ந்தாள். பின்னாலேயே ஆசாரி ஊசியை வாயில் கவ்விக்கொண்டு கூரை கூரையாகத் தவழ்ந்து வந்தார். "நீச்சே நக்கோ, ஆசாரி சாப், மேலயே வாங்கோ!" என்று நூர் முகமது விசில் ஊதி வழிகாட்டினார். வித்யாலட்சுமி வால் பக்கத்துக் காரின் பானெட்டில் உட்கார்ந்து எட்டி எட்டிப் பார்த்தாள்.

ஜெகநாதன் மடியைத் துடைத்துக்கொண்டு குழந்தையை வாங்கிக்கொண்டார். வியாபாரிகள் இருவரும் மூச்சை இழுத்துப் பிடித்து இடம் கொடுத்தார்கள். பூர்ணா கைப்பேசி விளக்கைக் காட்டினாள். டிக்கியிலிருந்து சீர்த்தட்டுகள் ஒவ்வொன்றாக வந்தன. சாந்தா சந்தனத்தைக் குழைத்துக் காதில் வைத்தாள். ஆசாரி ஊசியை எடுத்ததும், "மேளம் எங்கே?" என்றார் யாரோ.

பூர்ணா ஹார்னை அழுத்தினாள். அந்தப் பெட்டியில் இருந்த அத்தனை கார்களும் சேர்ந்துகொண்டன. அந்தச் சத்தத்தில் குழந்தை அழுதது கேட்கவே இல்லை. அது துள்ளியதில் கிண்ணத்துச் சந்தனமெல்லாம் சீட்டில் கொட்டிப் பெரிதாக ஒரு கறை படிந்தது. ஜெகநாதன் அதைத் துடைக்க விடவில்லை. இருக்கட்டும், நம்ம கார்தானே என்றார்.

இந்தக் காட்சியைப் பூர்ணா படம் பிடித்துப் போட, நாடே பார்த்தது. ராகவேந்திரா மகிழ்ந்துபோனார். ஆனால் ஜெகநாதன் ஊர் திரும்பியதிலிருந்து வேறு ஆளாகிவிட்டார். எப்பாடு பட்டாவது காரை மீட்க வேண்டும். வெளிப்படையாகக் கேட்டால் மாதிரிப் பதில்தான் வரும் என்பது தெரியும். ஆகவே, பிறந்தது முதல் கற்ற வித்தை அத்தனையையும் திரட்டி ஒரு குறிப்பு எழுதினார்: ‘பயணி உண்மையில் அமர்வது காரில் அன்று, காரின் இருக்கையில். ஏனைய பாகங்களான எஞ்சின், சக்கரம், கூரை ஆகியவை பெட்டிக்குள் வீண் சுமையாம். எனவே இருக்கைகளைக் கழற்றிப் பெட்டியிலேயே நேரடியாகப் பொருத்திவிடின் கார்களை விடுவிக்கலாம்.’

ராகவேந்திராவுக்குப் புல்லரித்துவிட்டது. "இருக்கையை நேரடியாகப் பெட்டியிலேயா? இதுவரைக்கும் யாருக்கும் தோணலையே!" என்றார்.

ஒன்றைத் தொட்டு ஒன்றாக வேலை நடந்தது. இருக்கை போட்ட பிறகு காற்றுக்கு ஜன்னல் வேண்டும் என்று ஆலோசனை நிறுவனம் கண்டுபிடித்தது. தகடுகளை வெட்டினார்கள். ஏறி இறங்கப் பக்கத்தில் கதவு இருந்தால் வசதி என்று இன்னோர் அறிக்கை வந்தது. பற்றவைத்ததை அறுத்தார்கள். தண்ணீர் வராத கக்கூஸ் ஒன்றும் அமைக்கப்பட்டது. ‘மனிதர்கள் நேரடியாக அமர்ந்து செல்லும் நூதன ரயில் பெட்டி’ என்று ரிப்பன் வெட்டித் திறந்துவைத்தபோது செகந்திராபாத் பிளாட்பாரமே கைதட்டியது. "ஜன்னல்கூட வெச்சிருக்காங்கப்பா!" என்று ஜனங்கள் வியந்தார்கள். டிக்கெட் பழைய விலையைப் போலப் பல மடங்கு என்பதை யாரும் பெரிதுபடுத்தவில்லை. புதுமை என்றால் சும்மாவா? ஜெகநாதனும் கைதட்டினார். அவருக்கு இரண்டாவது கேடயம் கிடைத்தது.

அதே வாரம் அவருடைய காரும் வீடு வந்து சேர்ந்தது. எஞ்சின் இருந்தது, சக்கரங்கள் இருந்தன, இடதுபக்கத்துக் கீறல் இருந்தது, ஸ்டியரிங்கில் குங்குமப் பொட்டுகூட இருந்தது. இருக்கைகள்தான் இல்லை. சாந்தா உள்ளே எட்டிப் பார்த்தாள். வீட்டுக்குள் போய் இரண்டு பிளாஸ்டிக் ஸ்டூல்களை எடுத்துக்கொண்டு வந்தாள். அவற்றின் மேல் இருவரும் உட்கார்ந்து கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்தார்கள்.

விஜயதசமி வந்தது. "பாப்பாவுக்கு மாமன் மடியில வெச்சுத்தான் அ, ஆ எழுதணும்" என்று வித்யாலட்சுமி சொல்லிவிட்டாள். ஸ்டூலில் உட்கார்ந்து காஞ்சிபுரம் வரை ஓட்ட முடியாது. ஜெகநாதன் நூதனப் பெட்டிக்கு டிக்கெட் போட்டார். வெயிட்டிங் லிஸ்ட். ஆனாலும் ஏறிவிட்டார், எல்லோரும்தான் ஏறியிருந்தார்கள். ஓர் ஆள் உட்காரும் இடத்தில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள், அவர்களுக்கு மேலே மூன்று பேர் நின்றிருந்தார்கள். நசுங்கி நசுங்கி நடுவில் வந்து சேர்ந்தபோது பழக்கமான ஒன்று கண்ணில் பட்டது. ஓர் இருக்கையில் காய்ந்த சந்தனக் கறை.

"இது என் சீட்டு" என்றார் ஜெகநாதன்.

"டிக்கெட்டைப் பாருங்க" என்றார் அதில் உட்கார்ந்திருந்தவர். ஜெகநாதன் பார்த்தார். பிறகு அந்த இருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வண்டி கிளம்பியபோது போன் அடித்தது. ராகவேந்திரா பேசினார்.

"ஜெகநாதன், கார் கம்பெனிக்காரங்க மறுபடியும் வரிசையில வந்துட்டாங்க. கார் அனுப்பப் பெட்டியே இல்ல. நீங்க புதுப் பெட்டியிலதானே போறீங்க? கூட்டம் எப்படி?"

"மூச்சு விட முடியல சார்."

"அப்ப அந்தப் பெட்டிக்கு இப்ப என்ன வயசாகியிருக்கும்?"

ஒருவர் முழங்கை ஜெகநாதனின் விலாவில் இருந்தது, இன்னொருவர் மூட்டை அவர் தலைமேல் இருந்தது. அந்த நிலையிலும் அவர் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்து, தலைகளை எண்ணி, மனக்கணக்குப் போட்டார்.

"முத்திப்போச்சு சார். இனி இதுல மனுஷங்களை ஏத்தறது தகாது" என்றார்.

"பலே! ஊருக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள ஒரு குறிப்பு எழுதி அனுப்பிடுங்க."

ஜெகநாதன் சட்டைப் பையைத் தடவினார். பேனா கூட்டத்தில் எங்கோ விழுந்துவிட்டிருந்தது. குனிந்து, சந்தனக் கறை சீட்டில் இருந்தவரிடம் ஒரு பேனா கேட்டார். அவரும் மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்தார்.